ஏழாம் நம்பர் ஷூ

எங்கள் டீமில் மூன்று பேருக்கு
ஏழாம் நம்பர் கால்.
ஏழாம் நம்பர் ஷூ
ஒரே ஜோடி.

சௌபர்ணிகா வெளியே வந்தால்தான்
பர்வீன் உள்ளே போக முடியும்.
பர்வீனுக்கு மூச்சு வாங்கினால்தான் நான்.
இரட்டை முடிச்சு போடக்கூடாது,
இது டீமின் முதல் சட்டம்.
இரண்டாவது,
வருகிறவளும் போகிறவளும் காலை மட்டும் நீட்டினால் போதும்,
பெஞ்சில் இருப்பவர்கள் மண்டியிட்டுக் கழற்றி மாட்டவேண்டும்.
பதினோரு நொடி.
ஃப்ரீ த்ரோவைப் போல
அதையும் தினம் பழகினோம்.

அடுத்தவள் சூடு உள்ளங்காலில் ஏறும்போதே
ஆட்டம் எனக்குப் புரிந்துவிடும்.
இடது குதிகால் அதிகம் நனைந்திருந்தால்
எதிரணி அந்தப் பக்கமாகவே நெருக்குகிறது.

முதல் வருஷம் எங்களைப் பார்த்தவர்கள்
வாட்ச்மேன்,
மெஸ்ஸுக்கு முட்டை இறக்க வந்தவர்,
அவர் எண்ணி முடிக்கும்வரை
வளையத்துக்குக் கீழே படுத்திருந்த நாய்.
எல்லோருக்கும் பின்னால் நாமக்கல் மலை,
ஒரே கல்லாக, அசையாமல்.
மெஸ் கரும்பலகைதான் ஸ்கோர் போர்டு.
மூலையில் அன்றைய முட்டை விலை,
நாலு எண்பத்தைந்து.
அதற்குக் கீழே நாங்கள் தோற்ற கணக்கு.
"அடியில்லாத கூடைல போட்டு
என்னங் பிரயோசனம்?" என்றார் முட்டைக்காரர்.
யாரிடமும் பதில் இல்லை.

எப்போது கூட்டம் சேர்ந்தது
என்று சொல்லத் தெரியவில்லை.
சேலத்தை ஒரு புள்ளியில் ஜெயித்த சாயங்காலமாக இருக்கலாம்.
இலக்கியா உடைந்த மூக்கில் பஞ்சடைத்துக்கொண்டு
பதினெட்டுப் புள்ளி எடுத்த நாளாகவும் இருக்கலாம்.
பக்கத்து லாரி பாடி பட்டறையிலிருந்து
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ஒருவர் காம்பவுண்டுச் சுவரில் ஏறினார்.
மறுவாரம் சுவரே தெரியவில்லை.
கோழிப்பண்ணை வேலை முடிந்து திரும்பும் அக்காக்கள்
வேனை நிறுத்தி இறங்கினார்கள்.
"ஏனுங் அம்மிணி, அந்தப் பதினாலாம் நம்பரு
எப்பங் வரும்?"
பதினாலு நான்தான்.
பர்வீனுக்கு இன்னும் மூச்சு வாங்கவில்லை
என்று எப்படிச் சொல்ல.

முட்டை விலையை அழித்துவிட்டு
இப்போது ஸ்கோர் எழுதுகிறார்கள்.
அழிப்பவர் முட்டைக்காரர்.

ஒரு பெயிண்டர்
நாக்பூர் போகிற லாரியின் முதுகில்
மயிலுக்குப் பதிலாக
ஆரஞ்சுப் பந்து வரைந்தார்.
நாங்கள் திருச்சியைத் தாண்டியதில்லை.
பந்து மாதம் இருமுறை
மகாராஷ்டிரம் போய்வருகிறது.

இந்த மாசியில்
பட்டறைக்காரர்கள் வசூல் போட்டார்கள்.
பன்னிரண்டு அட்டைப்பெட்டி,
ஆளுக்கொரு ஜோடி, பசை வாசனையோடு.
பர்வீன் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.
"யாரோட சூடும் இல்ல பிள்ள இதுல."

அரையிறுதி.
ஈரோட்டுக்காரிகள் ஆறு புள்ளி முன்னால்.
மிஸ் விரலை நீட்டினார்: நீ, நீ, நீயும்.
மூன்று ஏழாம் நம்பரும்
முதல்முறையாக ஒன்றாகக் கோர்ட்டுக்குள்.

மூன்று வருஷமாக
ஒரே இடத்தில் மாறி மாறி நின்றவர்கள் நாங்கள்.
பந்து வளையத்தில் பட்டு எகிறியது.
அது எங்கே விழும் என்று எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியும்.
இவளுக்கும்.
நெற்றியோடு நெற்றி மோதிக்
குவியலாக விழுந்தோம்.
பந்து தனியே உருண்டுபோய்
நாயருகே நின்றது.

சுவர் முழுக்கச் சிரித்தது.
ஈரோட்டுக்காரி ஒருத்தி
சிரிப்பை அடக்கிக்கொண்டு கை கொடுத்துத் தூக்கினாள்.
"சித்தெ அக்கட்ட நில்லுங்கடி" என்றாள் சௌபர்ணிகா,
நெற்றியைத் தேய்த்தபடி.
"எங்க?" என்று கேட்டேன்,
நிஜமாகவே தெரியாமல்.
அவளும் சுற்றிப் பார்த்தாள்,
இவ்வளவு இடம் இருப்பதை
இப்போதுதான் கண்டவளைப் போல.

இன்னும் நான்கு நிமிடம்.
என் இடது கயிறு
ஒற்றை முடிச்சில் அவிழ்ந்து கிடந்தது.
நான் குனிவதற்குள்
இரண்டு பேர் மண்டியிட்டு,
பழக்கதோஷத்தில்,
ஷூவைக் கழற்றியே விட்டார்கள்.